பவளத் தொட்டி: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

6 அடி நீளம், இரண்டரை அடி அகலம், 2 அடி உயரத்தில் ஒரு ரீஃப் தொட்டி, அதாவது பவளமும் மீனும் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி. கீழே கேபினெட்டுக்குள் சம்ப் (மேலிருந்து வழியும் நீர் வந்து நிற்கும் தொட்டி), ஸ்கிம்மர் (காற்றுக் குமிழால் அழுக்கை நுரையாக்கி ஒரு கப்பில் சேர்க்கும் கருவி), நீரை மேலே திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்ப். பக்கத்தில் நீரைக் குளிர்விக்கும் சில்லர். சென்னை மாதிரி வெக்கையும் புழுக்கமும் உள்ள ஊரில் இந்த அளவுத் தொட்டியை வைத்திருப்பவருக்காக எழுதியது இது. மருந்து, உப்பு அளவுகள் எல்லாம் 1000 லிட்டர் நீருக்குச் சொல்லப்பட்டவை. பாறையும் மணலும் அடைத்த இடத்தைக் கழித்து, சம்ப்பில் நிற்பதைக் கூட்டி, உங்கள் தொட்டியில் உண்மையில் எத்தனை லிட்டர் என்று பார்த்து அந்த விகிதத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

எந்த அறிகுறி தெரிந்தாலும் முதல் வேலை அளப்பது. அளக்கும் வரை எந்தப் புட்டியையும் திறக்க வேண்டாம். வெப்பநிலை 25–27 டிகிரி, சாலினிட்டி (உப்பின் செறிவு) 35 பிபிடி (ஆயிரத்தில் இத்தனை பங்கு), ஆல்கலினிட்டி (பவளம் கூடு கட்ட எடுக்கும் கார்பனேட்டின் அளவு) 7–9 டிகேஹெச் (அதை அளக்கும் அலகு), கால்சியம் 400–450 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), மெக்னீசியம் 1250–1400, நைட்ரேட் 2–10, பாஸ்பேட் 0.03–0.1. இந்த எல்லைக்குள் எண் இருந்தால் மட்டும் போதாது, போன வாரம் எவ்வளவு இருந்தது என்பதும் தெரிய வேண்டும். பெரிய தொட்டியில் இன்று கண்ணில் படுவது பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள் முன்னால் நடந்த மாற்றத்தின் விளைவு. 9 டிகேஹெச்சில் நிலையாக நிற்கும் தொட்டியும் நன்றாக இருக்கும், 7-இல் நிற்பதும் நன்றாக இருக்கும். இரண்டுக்கும் நடுவே வாரம் ஒருமுறை ஏறி இறங்குவதில்தான் பவளம் சாகும். அதனால் ஒரு நோட்டு போட்டு, அளந்த எண்ணையும் அன்று செய்ததையும் (பல்பு மாற்றியது, ஆக்டிவேட்டட் கார்பன் போட்டது, புது மீன் விட்டது) தேதியோடு எழுதுங்கள். கீழே வரும் பாதிக் கோளாறுகளுக்கு விடை அந்த நோட்டில்தான் இருக்கும்.

சாலினிட்டி பார்க்கும் ரீஃபிராக்டோமீட்டரை ஆர்ஓ தண்ணீரில் சுழியம் வைத்துவிட்டு நம்பாதீர்கள். 35 பிபிடி கரைசலை ஒரு துளி விட்டுத்தான் திருக வேண்டும். சுழியத்தில் சரியாகக் காட்டும் கருவி 35-இல் 2, 3 புள்ளி தள்ளிக் காட்டுவது சாதாரணம்.

விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயடிக்கின்றன

ஆக்சிஜன் குறைந்திருக்கிறது. மற்ற எல்லாவற்றையும் அப்புறம் பார்க்கலாம். ஒரு வேவ்மேக்கரை (தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் பம்ப்) மேல்நோக்கித் திருப்பி நீரின் மேற்பரப்பைக் கலக்குங்கள். ஏர் பம்ப் இருந்தால் சம்ப்பில் போடுங்கள். அறை ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

25 டிகிரிக் கடல்நீர் லிட்டருக்கு 6.7 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 30 டிகிரியில் 6.2 தான். இரவில் பாசியும் பவளமும் சேர்ந்து மூச்சு விடுவதால் விடியும் நேரத்தில் அது மேலும் இறங்கும். அந்த நேரத்தில் கரண்ட் போனால் மீன் அடர்ந்த தொட்டி சில மணி நேரம்தான் தாங்கும். வீட்டு இன்வெர்ட்டரில் எல்லாவற்றையும் ஓட்டப் பார்க்காதீர்கள். ஒரு டிசி வேவ்மேக்கரும் ரிட்டர்ன் பம்ப்பும் மட்டும் இன்வெர்ட்டரில் இருக்கட்டும். விளக்கும் ஹீட்டரும் சில்லரும் அதில் வேண்டவே வேண்டாம்.

கரண்டும் போகவில்லை, பம்ப்பும் ஓடுகிறது, காலையில் பிஹெச் 7.7-க்குக் கீழே காட்டுகிறது என்றால் ஏசிக்காக அடைத்த அறையில் கார்பன் டை ஆக்சைடு தேங்கியிருக்கலாம். சோதிப்பது எளிது. ஒரு டம்ளர் தொட்டி நீரை மொட்டை மாடிக்கோ பால்கனிக்கோ கொண்டுபோய் ஒரு மணி நேரம் ஏர் ஸ்டோன் ஓட்டி பிஹெச் பாருங்கள். 0.2-க்கு மேல் ஏறினால் குற்றம் அறைக் காற்றில். ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை நீட்டி ஜன்னலுக்கு வெளியே விட்டாலே பெருமளவு சரியாகும். பிஹெச் ஏற்றும் பொடிகளை ஊற்றினால் ஆல்கலினிட்டிதான் ஏறும், அறையில் உள்ள காற்று அப்படியே இருக்கும்.

வெப்பநிலை 29-ஐத் தாண்டுகிறது

ஃபேன் வைத்திருப்பவர்கள் ஒரு கணக்கை நினைவில் வையுங்கள். 1000 லிட்டரை ஒரு டிகிரி குளிர்விக்க ஏறக்குறைய 1.7 லிட்டர் நீர் ஆவியாக வேண்டும். காற்று காய்ந்திருக்கும் ஊரில் இது நடக்கும். கடற்கரை ஊரில் மாலைப் புழுக்கத்தில் காற்றே ஈரமாக நிற்பதால் ஆவியாவது பாதியாகிவிடும். பகலில் வேலை செய்த ஃபேன் ராத்திரி ஏன் கைவிடுகிறது என்பதற்குக் காரணம் இதுதான். இந்த அளவுத் தொட்டிக்கு சில்லர் இல்லாமல் சித்திரை, வைகாசியைக் கடப்பது கடினம்.

சில்லர் ஓடியும் இறங்கவில்லையா? அது கேபினெட்டுக்குள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தான் விட்ட சூட்டையே தான் இழுத்துக்கொண்டு ஓடும். வெளியே எடுத்து, பின்பக்கம் ஒரு அடியாவது இடம் விட்டு வையுங்கள். அடுத்து கண்டென்சர் தகட்டில் படிந்த தூசி. பெயின்ட் பிரஷால் மாதம் ஒருமுறை தட்டிவிட்டாலே போதும். மூன்றாவது, அதற்குள் ஓடும் நீரின் வேகம். பம்ப் அடைத்துக்கொண்டு நீர் குறைந்தாலும் குளிர்விப்பது குறையும்.

ஏறிய சூட்டைப் படபடவென்று இறக்காதீர்கள். ஐஸ் கட்டி போடுவதானால் ஆர்ஓ நீரை பாட்டிலில் உறைய வைத்து, மூடியபடியே சம்ப்பில் மிதக்க விடுங்கள்.

பவளம் வெள்ளையாகிறது

வெள்ளை என்பதில் மூன்று விதம் உண்டு, மூன்றுக்கும் வைத்தியம் வேறு. விளக்கை அணைத்து, டார்ச்சைச் சாய்வாக அடித்து, கண்ணாடிக்கு ஒட்டி முகம் வைத்துப் பாருங்கள். வெளுத்த கிளையின் மேல் கண்ணாடி போன்ற ஒரு மெல்லிய தோலும், அதில் ஊசிமுனை அளவில் பவளத்தின் குட்டி உயிர்களான பாலிப்புகள் நீட்டிக்கொண்டிருப்பதும் தெரிந்தால் பவளம் உயிரோடு இருக்கிறது. உள்ளே குடியிருந்த பாசியை மட்டும் வெளியேற்றிவிட்டது. வெளுத்தல் என்பது இதுதான். 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவில் கடல் சூடேறியபோது நடந்ததும் இதே. தொட்டியில் காரணம் சூடு, அல்லது புது எல்இடி விளக்கை முழு அளவில் எரியவிட்டது. விளக்கை பாதியாகக் குறைத்து, வாரம் 5 சதவீதமாக ஏற்றுங்கள். வெப்பநிலையை 26-இல் நிறுத்துங்கள். உணவு போடுவதைக் குறைக்காதீர்கள், பாசி இல்லாத பவளத்துக்கு அதுதான் சாப்பாடு. நிறம் திரும்ப வாரங்கள் ஆகும், மாதமும் ஆகலாம்.

தோலே இல்லாமல் சொரசொரப்பான வெள்ளைக் கூடு மட்டும் தெரிகிறது, உயிருள்ள பகுதிக்கும் கூட்டுக்கும் நடுவே கோடு கிழித்தது போல் எல்லை இருக்கிறது என்றால் திசு உரிந்துகொண்டிருக்கிறது. அடியிலிருந்து மேலே மெதுவாக, நாளுக்கு சில மில்லிமீட்டர் ஏறினால் நோட்டைப் புரட்டுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்குள் ஆல்கலினிட்டி ஒரு டிகேஹெச்சுக்கு மேல் தாவியிருக்கும், அல்லது நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுழியத்தில் கிடந்திருக்கும். அதைச் சீராக்கினால் பல சமயம் நின்றுவிடும். சில மணி நேரத்திலேயே கிளை கிளையாக உரிந்து, தோல் நீரில் பறந்தால் காத்திருக்கக் கூடாது. எல்லைக் கோட்டுக்கு 1–2 செ.மீ. மேலே, நல்ல பகுதியில் வெட்டி, நுனிகளை வேறு கல்லில் ஒட்டி, தொட்டியின் இன்னொரு மூலையில் வையுங்கள். தாய்க் கிளையை வெளியே எடுத்துவிடுங்கள். அடுத்தடுத்த பவளத்துக்கும் பரவும்.

நுனி மட்டும் எரிந்தது போல் வெள்ளையாகி, மற்ற இடம் நன்றாக இருந்தால் ஆல்கலினிட்டி 10, 11 என்று ஏறி, சத்தோ (நைட்ரேட்டும் பாஸ்பேட்டும்) குறைந்து கிடக்கிறது என்று பொருள். டோசிங்கை (தினமும் விடும் கரைசலின் அளவை) குறைத்து 8-க்கு வரவிடுங்கள். அவசரப்பட்டு அமிலம் எதுவும் ஊற்ற வேண்டாம். பவளமே ஆல்கலினிட்டியை எடுத்துக்கொண்டு எண்ணை மெல்லக் குறைத்துவிடும்.

ஆல்கலினிட்டி நிற்கவே மாட்டேன் என்கிறது

தினமும் ஒரே நேரத்தில், டோசிங் ஓடுவதற்கு முன் அளந்தால்தான் எண்ணுக்கு அர்த்தம் உண்டு. நேற்று 8.2, இன்று 7.6 என்றால் செலவு 0.6. 1000 லிட்டரில் ஒரு டிகேஹெச் ஏற்ற 30 கிராம் ஆப்ப சோடா வேண்டும். அப்படியானால் தினசரித் தேவை 18 கிராம். ஆப்ப சோடா வேறு, பேக்கிங் பவுடர் வேறு. பின்னதில் மாவும் அமிலமும் கலந்திருக்கும், தொட்டிக்கு ஆகாது. பவளம் கூடு கட்டும்போது 2.8 டிகேஹெச்சுக்கு 20 பிபிஎம் கால்சியம் எடுக்கும். 0.6-க்குக் கணக்கிட்டால் நாளைக்கு 4 பிபிஎம் சொச்சம், அதாவது கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 16 கிராம். இரண்டையும் தனித்தனியாக ஆர்ஓ நீரில் கரைத்து, அரை மணி நேரமாவது இடைவெளி விட்டு, நீர் வேகமாக ஓடும் இடத்தில் விடுங்கள். ஒரே இடத்தில் சேர்ந்து விழுந்தால் வெண்பனி மாதிரி பொடி பறக்கும். அது சுண்ணாம்பு. காசும் வீண், பம்ப்பும் அடைக்கும்.

எவ்வளவு விட்டாலும் ஏறவில்லை என்றால் மெக்னீசியத்தை அளங்கள். 1200-க்குக் கீழே போனால் கால்சியமும் ஆல்கலினிட்டியும் தாமாகவே படிந்துகொண்டே இருக்கும். 100 பிபிஎம் ஏற்ற மெக்னீசியம் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட் 840 கிராம். மூன்று நான்கு நாளாகப் பிரித்துப் போடுங்கள். ஆல்கலினிட்டியையும் ஒரே நாளில் 1 டிகேஹெச்சுக்கு மேல் ஏற்ற வேண்டாம்.

இன்னொன்று, நன்றாகச் செலவாகிக்கொண்டிருந்த ஆல்கலினிட்டி திடீரென்று செலவாவதை நிறுத்தினால் நிம்மதி அடையாதீர்கள். பவளம் வளர்வதை நிறுத்திவிட்டது என்பதற்கு அதுதான் முதல் அடையாளம், நிறம் மாறுவதற்குப் பல நாள் முன்பே தெரியும். டோசிங்கை அன்றே பாதியாக்குங்கள், இல்லையென்றால் எண் மளமளவென்று ஏறிவிடும். பிறகு வெப்பநிலை, சாலினிட்டி, உலோகம் என்று வரிசையாகத் தேடுங்கள். டோசிங் பம்ப்பின் ரப்பர் குழாய் தேய்ந்தாலும் அளவு பிசகும். மாதம் ஒருமுறை 10 மி.லி. விடச் சொல்லி அளவு உருளையில் பிடித்துப் பாருங்கள்.

ரிட்டர்ன் பம்ப் முனகுகிறது, நீர் குறைகிறது என்றால் உள்ளே சுண்ணாம்பு படிந்திருக்கிறது. 4 லிட்டர் நீரில் 200 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, பம்ப்பை வாளியில் போட்டு ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். புதிதாக வாங்கியது போல் ஆகிவிடும்.

நத்தைகள் ஒவ்வொன்றாகச் சாகின்றன, அளவுகளோ எல்லாம் சரி

டர்போ நத்தை கண்ணாடியிலிருந்து கழன்று மணலில் மல்லாந்து கிடக்கும். நிமிர்த்தி வைத்தால் பாதம் பாதி வெளியே வந்து தொங்கும், ஆனால் ஒட்டாது. இறால் தோலுரிக்கும்போது மாட்டிக்கொண்டு சாகும். மென் பவளம் வாரக்கணக்கில் சுருங்கியே கிடக்கும். மீன்கள் மட்டும் ஒன்றும் நடக்காதது போல் திரியும். இந்த நான்கும் சேர்ந்து வந்தால் செம்பு என்று சந்தேகியுங்கள்.

நம் வீடுகளில் செம்பு வரும் வழி பெரும்பாலும் குடிநீர் ஆர்ஓ இயந்திரம். தொட்டிக்குத் தனி ஆர்ஓ எதற்கு, சமையலறையில்தான் இருக்கிறதே என்று அதிலேயே பிடிப்பார்கள். அந்த இயந்திரத்தில் ருசிக்காகக் கொஞ்சம் வடிகட்டாத நீரைக் கலக்கும் டிடிஎஸ் (நீரில் கரைந்த உப்புகளின் அளவு) கன்ட்ரோலர் இருக்கும், மினரல் கேட்ரிட்ஜ் இருக்கும். உடலுக்கு நல்லது என்று செம்பு சேர்க்கும் மாடல்களும் நிறையவே விற்கின்றன. மனிதருக்கு அது கேடில்லை. நத்தைக்கும் இறாலுக்கும் பவளத்துக்கும் மிகச் சிறிய அளவே விஷம். ஆவியாகும் நீருக்கு ஈடாகத் தினமும் 10, 15 லிட்டர் ஊற்றும்போது நீர் மட்டும் ஆவியாகப் போகிறது, செம்பு தங்கிச் சேர்ந்துகொண்டே வருகிறது.

தொட்டிக்கென்று தனி ஆர்ஓ-டிஐ (ஆர்ஓவில் தப்பிய உப்பையும் டிஐ ரெசினால் பிடிக்கும் வடிகட்டி) வையுங்கள். கடைசிக் குழாயில் டிடிஎஸ் மீட்டர் 0 காட்ட வேண்டும். போர் தண்ணீர் 1500 டிடிஎஸ் என்றால் நல்ல மெம்பரேன்கூட 45–75 வரை விட்டுவிடும், ஒரு லிட்டர் டிஐ ரெசின் சில நூறு லிட்டரிலேயே தீர்ந்துவிடும். அந்த வீட்டில் மெட்ரோ தண்ணீர் கிடைக்கும் நாளில் பிடித்துச் சேமிப்பதே சிக்கனம். இயந்திரம் சும்மா நின்று மறுபடி ஓடும்போது முதல் சில நிமிடத்து நீரில் டிடிஎஸ் அதிகமாக இருக்கும். அதைச் செடிக்கு விட்டுவிட்டு அப்புறம் பிடியுங்கள்.

ஏற்கெனவே சேர்ந்த செம்புக்கு, உலோகம் உறிஞ்சும் ரெசினும் ஆக்டிவேட்டட் கார்பனும் போட்டு, வாரம் 20 சதவீதம் நீர் மாற்றுங்கள். துருப் பிடித்த மேக்னட், குழாய்க் கிளிப், சம்ப்புக்கு மேலே உள்ள கீல் எல்லாவற்றையும் தடவிப் பாருங்கள்.

இதே அறிகுறி ஒரே ராத்திரியில் வந்தால், இறால்கள் துடித்துச் செத்தால், காரணம் வேறு. வீட்டில் கொசு மருந்தோ கரப்பான் ஸ்பிரேயோ அடித்திருப்பார்கள். அவற்றில் உள்ள பைரித்ராய்டு நஞ்சு மீனுக்கும் இறாலுக்கும் மிகக் கொடியது. ஸ்கிம்மர் அறைக் காற்றை நாள் முழுக்க இழுத்து நீருக்குள்தான் தள்ளுகிறது. தொட்டி இருக்கும் அறையில் கொசு மருந்து இயந்திரமே வேண்டாம், வலை போதும்.

பழுப்பாகவோ சிவப்பாகவோ படிகிறது

தொட்டி தொடங்கி இரண்டாவது வாரத்திலிருந்து பழுப்புத் தூசு மாதிரி படிந்து, விரலால் தொட்டால் பறந்தால் டயாட்டம் என்ற நுண்பாசி. சிலிகேட்டைத் தின்று தீர்த்துவிட்டு அதுவே போகும். சிவப்புத் துணி விரித்தது போல் படர்ந்து, ஓரத்தைப் பிடித்து இழுத்தால் தோலாக உரிந்து வந்தால் சயனோ பாக்டீரியா. உறிஞ்சி எடுத்து, அந்த இடத்துக்கு ஒரு வேவ்மேக்கரைத் திருப்புங்கள்.

பச்சை முடிப்பாசி இருக்கும்போது பாஸ்பேட் சோதனை 0 காட்டினால் ஏமாறாதீர்கள். பாசியே அதைத் தின்றுவிட்டது. கையால் பிடுங்கிக்கொண்டே இருங்கள், பாஸ்பேட் உறிஞ்சியைக் கொஞ்சமாகத் தொடங்குங்கள்.

இவற்றையெல்லாம்விடக் கடினமானது டைனோ (டைனோஃபிளாஜெல்லேட் என்ற ஒருசெல் உயிர்). சளி மாதிரி பழுப்பு நூல், நுனியில் காற்றுக் குமிழ். காலையில் மணல் சுத்தமாக இருக்கும், மதியத்துக்குள் மறுபடி மூடும். சந்தேகம் இருந்தால் கொஞ்சம் எடுத்து பாட்டிலில் போட்டு நன்றாகக் குலுக்கி, டிஷ்யூ பேப்பரில் வடிகட்டி, வடிந்த நீரை விளக்கடியில் ஒரு மணி நேரம் வையுங்கள். தெளிந்த நீரில் மறுபடி நூல் நூலாகத் திரண்டால் டைனோதான். இது அழுக்கான தொட்டியில் வருவதைவிட, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுழியமாகத் துடைத்து வைத்த தொட்டியில்தான் அதிகம் வருகிறது. நீர் மாற்றுவதையும் பாஸ்பேட் உறிஞ்சியையும் நிறுத்துங்கள். உணவைக் கூட்டி நைட்ரேட்டை 5–10-க்கும் பாஸ்பேட்டை 0.1-க்கும் கொண்டுவாருங்கள். 1000 லிட்டரில் நைட்ரேட் 1 பிபிஎம் ஏற உணவுத் தர சோடியம் நைட்ரேட் 1.4 கிராம் போதும். ராத்திரியில் நீரில் மிதந்து கிளம்பும் இனமாக இருந்தால் 100 லிட்டருக்கு 8 வாட் கணக்கில் யுவி விளக்கு நன்றாகக் கேட்கும், நீரை நேரே காட்சித் தொட்டியிலிருந்து எடுத்துக் கொடுங்கள். மணலிலேயே தங்கும் பெரிய செல் இனத்துக்கு யுவி பயன்படாது. 400 மடங்கு மைக்ராஸ்கோப்பில் பார்த்து இனம் தெரிந்துகொண்டு யுவி வாங்குவதே நல்லது.

ஸ்கிம்மர் கப் அரை மணியில் நிரம்பி வழிகிறது

பவளம் ஒட்டும் எப்பாக்ஸி, மருந்து, கையில் இருந்த எண்ணெய், சோப்பு போட்ட வாளி இவற்றில் ஒன்று. கப்பைக் கழற்றிவிட்டு ஒரு நாள் ஓட விடுங்கள், தானாக அடங்கும். நுரையே வரவில்லை என்றால் காற்றுக் குழாயின் முனையில் உப்பு கட்டியிருக்கும், வெந்நீரில் காட்டுங்கள். ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தால் சம்ப்பில் ஸ்கிம்மர் நிற்கும் பகுதியில் நீர்மட்டம் மாறுகிறது. தடுப்புக் கண்ணாடி இல்லாத சம்ப்பில் இது தீராத தொல்லை.

கரண்ட் போனதும் சம்ப் வழிந்து தரை நனைகிறது

இந்தத் தொட்டியில் மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 14 லிட்டர். ரிட்டர்ன் முனை 5 செ.மீ. ஆழத்தில் இருந்து அதுவரை நீர் குழாய் வழியே தானாகப் பின்னோக்கி இழுபட்டு (சைஃபன்) இறங்கினால் 70 லிட்டர், குழாய்களில் நிற்பது தனி. முனையை நீர்மட்டத்துக்கு அரை அங்குலம் கீழே மட்டும் வையுங்கள். சைஃபன் உடைக்கப் போட்ட துளையை மட்டும் நம்ப வேண்டாம், சுண்ணாம்புப் பாசியோ ஒரு குட்டி நத்தையோ அதை அடைத்துவிடும். பம்ப்பை நீங்களே அணைத்து, எல்லா நீரும் இறங்கிய பிறகும் சம்ப்பில் இரண்டு அங்குலம் மிச்சம் இருக்கும்படி, ஓடும்போது நிற்க வேண்டிய மட்டத்தை மார்க்கரால் கோடு போடுங்கள். மாதம் ஒருமுறை அணைத்துப் பாருங்கள்.

ஆட்டோ டாப்-அப் மிதவை மாட்டிக்கொண்டு 50 லிட்டர் ஆர்ஓ நீரை உள்ளே விட்டால் 35 பிபிடி 33.3 ஆகிவிடும். ஏற்றும்போது நாளைக்கு 1 பிபிடிக்கு மேல் வேண்டாம். ஆவியாகும் நீருக்கு ஈடாகச் சில நாள் உப்பு நீரையே ஊற்றினால் மெதுவாகவே ஏறும். டாப்-அப் வாளியை 20 லிட்டருக்கு மேல் வைக்காமல் இருந்தால் இந்த விபத்தின் அளவே சிறியதாகிவிடும்.

நீரில் கை வைத்தால் சுருக்கென்கிறது

கையை எடுத்துவிட்டு மெயினை அணையுங்கள். எல்லாப் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொன்றாகப் போட்டு, நீரில் விரல் விடாமல் மல்டிமீட்டர் முனையால் நீருக்கும் எர்த்துக்கும் நடுவே ஏசி வோல்ட் பாருங்கள். 20, 30 வோல்ட் பழுதில்லாத பம்ப்பிலும் தூண்டலால் காட்டும். ஒரு பொருளைப் போட்டதும் எண் திடீரென்று தாவினால் அதுதான் குற்றவாளி, பெரும்பாலும் விரிசல் விட்ட ஹீட்டர். ஒட்ட வைக்க முயலாமல் தூக்கிப் போடுங்கள். தொட்டி லைனுக்கென்று தனியாக 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு கண்டதும் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் ஒரு நாளும் ஓட்டக் கூடாது. ஒவ்வொரு ஒயரும் சாக்கெட்டுக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி மேலே ஏறட்டும், சொட்டும் நீர் அந்த வளைவிலேயே விழுந்துவிடும்.

புது மீன் வந்த வாரத்தில் வெள்ளைப் புள்ளிகள்

உப்புக் கல் ஒட்டியது போல் எண்ணக்கூடிய புள்ளி என்றால் கடல் இக் என்ற ஒட்டுண்ணி நோய். மாவு தூவியது போல் நுண்மையாக இருந்து, மீன் வேகமாக மூச்சு வாங்கினால் வெல்வெட் என்ற இன்னொரு ஒட்டுண்ணி நோய். வெல்வெட் இரண்டு மூன்று நாளில் தொட்டியையே காலி செய்யும், அன்றைக்கே மீன்களை எடுத்தாக வேண்டும். இரண்டுக்கும் செம்பு மருந்துதான், ஆனால் பவளத் தொட்டியில் ஒரு சொட்டுகூடக் கூடாது. பாறை, மணல் இல்லாத தனித் தொட்டியில், குப்பியில் போட்டிருக்கும் அளவை காப்பர் டெஸ்ட் கிட்டால் தினமும் சரிபார்த்து வைத்தியம் செய்யுங்கள். பெரிய தொட்டி 76 நாள் மீனே இல்லாமல் இருக்கட்டும். ஒட்டுண்ணிக்கு ஒட்ட உடம்பு கிடைக்காது.

பாறையோடும் இந்த ஒட்டுண்ணி வந்து சேரும். ராமேஸ்வரம், மண்டபம் பக்கத்திலிருந்து வந்தது என்று யாராவது லைவ் ராக்கோ (கடலிலிருந்து எடுத்த, உயிரிகள் குடியிருக்கும் பாறை) கல் பவளமோ கொடுத்தால் தொடாதீர்கள். கல் பவளங்கள் 2001 முதல் இந்திய வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்படுபவை, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியிருப்பது கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே உடைத்த ஒரு கல் மறுபடி வளர ஆண்டுகள் ஆகும். காய்ந்த பாறையோ செராமிக் பாறையோ வாங்கி, இரண்டு மூன்று மாதம் பொறுமையாக பாக்டீரியா ஏற விடுங்கள். கல் பவளம் வாங்குவதானால் எங்கே வளர்க்கப்பட்டது என்பதற்கான ஆவணத்தைக் கேட்டு வாங்கி, மீனைப் போலவே அதையும் தனித் தொட்டியில் 76 நாள் வைத்துவிட்டு உள்ளே விடுங்கள்.